பதவி பறிக்கப்பட்டும் பாடம் நிறுத்தாத ஆசிரியை: கணித மேதை எம்மி நோதர் அம்மையார்

ஒரு நாட்டில் கொடுங்கோல் ஆட்சி காலூன்றும்போது அதன் கை முதலில் நீளும் இடங்களுள் பல்கலைக்கழகமும் ஒன்று. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி ஜேர்மனியில் ஹிட்லரின் அரசு புதியதோர் அரச சேவைச் சட்டத்தைப் பிறப்பித்தது. யூத வம்சத்தினரும் அரசியலில் நம்பத்தகாதோர் எனக் கருதப்பட்டோரும் அரச பதவிகளில் இருத்தலாகாது என்பது அதன் சாரம். சட்டம் வெளியாகி மூன்று வாரங்கூட நிறையுமுன், ஏப்ரல் 25ஆம் திகதி, கொட்டிங்கன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அறுவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். பௌதிக அறிஞர் மக்ஸ் போர்ன், கணித நிறுவகத்தின் தலைவர் றிச்சர்ட் கூரன்ட் ஆகியோரின் பெயர்களோடு அப்பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. அவரே எம்மி நோதர் அம்மையார்.

போர்னும் கூரன்டும் பேராசிரியர் ஆசனங்களை இழந்தனர். நோதர் அம்மையாரிடம் பறிப்பதற்கு அப்படியொன்றும் பெரிதாக இருக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில், நவீன அட்சரகணிதத்தின் முன்னோடி என உலகம் ஏற்றுக்கொண்ட நிலையிலும், அவருக்கு நிரந்தரப் பதவி இல்லை; ஓய்வூதிய உரிமை இல்லை; வாழ்க்கையை ஓட்டப் போதுமான சிறு கொடுப்பனவு ஒன்றே இருந்தது. ஆயினும் அவரைச் சுற்றி ஒரு மாணவர் கூட்டம் இருந்தது. எந்தக் கட்டளையாலும் அவரிடமிருந்து பிரிக்க முடியாமற் போனது அக்கூட்டத்தோடு அவருக்கிருந்த உறவுதான். தொழிலையும் தகைமையையும் தாய்நாட்டில் விட்டுவிட்டு வேற்று நிலத்தில் வாழும் நம்மவர்க்கு அவருடைய வாழ்க்கை வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

வாசலில் நின்று கற்ற காலம்

எம்மி நோதர் 1882ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி பவேரியாவின் எர்லாங்கன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை மக்ஸ் நோதர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். தம்பியர் மூவர், அவர்களுள் பிரிட்ஸ் என்பவரும் பின்னாளிற் கணித அறிஞரானார். இளமையில் எம்மியிடம் மேதைமையின் அறிகுறி எதனையும் எவரும் கண்டதாகத் தெரியவில்லை. அக்கால நடுத்தரக் குடும்பத்துப் பெண்களைப் போலவே வீட்டு வேலை பழகினார், பியானோ கற்றார், நடனத்தில் விருப்பங் கொண்டார். 1900ஆம் ஆண்டில் பெண்கள் பாடசாலைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான பரீட்சையிற் சித்தியடைந்தார்.

பாதுகாப்பான தொழிலொன்று கைக்கெட்டியிருந்தது. அவரோ அதனை விட்டுக் கணிதத்தின் பக்கம் திரும்பினார். அது பெண்களுக்குத் திறந்திராத பாதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் மூதவை, பெண்களை அனுமதித்தாற் கல்வி ஒழுங்கு முழுவதுமே குலைந்துவிடும் எனத் தீர்மானித்திருந்தது. எனவே ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு, பதிவு பெறாத செவிமடுப்பாளராக வகுப்பறையில் அமர்ந்தார். அப்போது அங்கு பயின்ற 986 பேருள் பெண்கள் இருவரே. 1904ஆம் ஆண்டு விதிமுறை தளர்ந்த பின்னரே அவர் முறைப்படி மாணவியானார்.

1907இல் போல் கோர்டன் என்னும் பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை அதியுயர் சிறப்போடு நிறைவுசெய்தார். கோர்டன் கணக்கிடுதலிற் கரைகண்டவர். பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளை நிரப்புபவர். மாணவியும் அவ்வழியே சென்று முந்நூறுக்கு மேற்பட்ட கோவைகளை வரிசைப்படுத்தி ஆய்வேட்டை எழுதினார். பிற்காலத்தில் அதனைத் தாமே மதிக்கவில்லை. கணக்குகளைக் குவிப்பதிலும் பார்க்க அவற்றின் அடியில் நிற்கும் கட்டமைப்பை அறிவதே மேல் என்னும் தெளிவு அவருக்குப் படிப்படியாக வந்தது.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு வேலை கொடுப்பார் இல்லை. 1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் அவர் ஊதியமின்றியே உழைத்தார். தந்தையார் உடல் நலிந்தபோது அவருடைய விரிவுரைகளைத் தாம் நடத்தினார். ஆய்வு மாணவர்க்கு வழிகாட்டினார். பெயரும் பணமும் இல்லாத பணியாக அது ஏழாண்டு நடந்தது.

கொட்டிங்கன்: இன்னொருவர் பெயரில் விரிவுரை

1915ஆம் ஆண்டு கணித உலகின் தலைநகரென விளங்கிய கொட்டிங்கனிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் டேவிட் ஹில்பேர்ட், பீலிக்ஸ் கிளைன் என்னும் இரு பெருமக்கள். ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கோட்பாடு உருப்பெற்றுக் கொண்டிருந்த காலம் அது. அக்கோட்பாட்டில் சக்திக் காப்பு விதி எவ்வாறு பொருந்துகிறது என்னும் புதிர் அவர்களை வாட்டியது. அதனைத் தீர்க்க வல்லவர் நோதர் என அவர்கள் கருதினர்.

விரிவுரை நிகழ்த்தும் உரிமைக்காக அவர் விண்ணப்பித்தபோது பீடத்திலிருந்த மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் எதிர்த்தனர். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் அமர்ந்து கற்பதா என்பது அவர்களின் வாதம். இது பல்கலைக்கழகமேயன்றிக் குளிப்பிடம் அல்லவே என ஹில்பேர்ட் வெகுண்டெழுந்த கதை கணித உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வெகுளி பலிக்கவில்லை. பின்னர் ஒரு வழி காணப்பட்டது. விரிவுரைகள் ஹில்பேர்ட்டின் பெயரில் அறிவிக்கப்படும், உதவியாளர் என்ற பெயரில் நோதர் அம்மையார் வந்து பாடம் நடத்துவார், ஊதியம் இல்லை.

இந்த நிலையிலிருந்துகொண்டே 1918இல் அவர் அந்தப் புதிரை விடுவித்தார். இன்று நோதர் தேற்றம் என வழங்கும் அம்முடிபைப் பாமரரும் விளங்கும்படி சொல்லலாம். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாதிருக்கின்றன. அதனாலேயே சக்தி அழியாது காக்கப்படுகிறது. அவ்விதிகள் இவ்விடத்தும் அவ்விடத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனாலேயே உந்தம் காக்கப்படுகிறது. எத்திசை நோக்கித் திரும்பினும் அவை வேறுபடுவதில்லை. அதனாலேயே கோண உந்தம் காக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் தனித்தனி விதிகளாக மனனஞ் செய்யும் இவை யாவும் இயற்கையின் சமச்சீரிலிருந்து பிறப்பன என்று காட்டியவர் அவரே. இருபதாம் நூற்றாண்டின் பௌதிகவியல், நுண்துணிக்கைகளின் ஆய்வு வரை, இந்தத் தேற்றத்தின் மேல் நடந்திருக்கிறது. அக்கட்டுரையைக் கொட்டிங்கன் விஞ்ஞானக் கழகத்தின் முன் சமர்ப்பித்தவரோ கிளைன். நோதர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர். இறுதிவரை அவர் உறுப்பினராக்கப்படவும் இல்லை.

உலகப் போரிற் பேரரசு வீழ்ந்து குடியரசு மலர்ந்த பின், 1919இல் விரிவுரை உரிமை கிடைத்தது. 1922இல் பேராசிரியர் என்னும் பட்டம் வந்தது. அதனோடு சம்பளம் வரவில்லை. அட்சரகணிதம் கற்பிப்பதற்கென ஒரு சிறு கொடுப்பனவு அடுத்த ஆண்டு முதல் வழங்கப்பட்டது. புகழ்பெற்ற கணித ஆய்விதழ் ஒன்றுக்கு ஆண்டுக்கணக்காகக் கட்டுரைகளைச் சீர்தூக்கிக் கொடுத்தார். அதன் பதிப்பாசிரியர் பட்டியலில் அவர் பெயர் ஒருபோதும் இடம்பெறவில்லை.

மாணவர் சூழ்ந்த ஆசிரியை

1920களில் அவர் செய்த பணி கணிதத்தின் முகத்தையே மாற்றியது. முழு எண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் முழு எண்களே வரும். இத்தகைய இயல்புடைய அமைப்புகளைக் கணித அறிஞர் வளையம் என்பர். 12இன் மடங்குகள் யாவும் 6இன் மடங்குகளுள் அடங்கும். அவை 3இன் மடங்குகளுள் அடங்கும். அவையோ முழு எண்கள் யாவற்றினுள்ளும் அடங்கும். அதற்கு மேற் செல்ல இடமில்லை. இவ்வாறு ஏறிச் செல்லும் சங்கிலி எங்கேனும் நின்றே தீரும் என்ற எளிய நிபந்தனை ஒன்றிலிருந்து எத்தனையோ ஆழ்ந்த முடிபுகளைப் பெறலாம் என 1921ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவினார். அந்நிபந்தனைக்கு அமையும் வளையங்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

ஆயினும் அவருடைய கருத்துக்களுட் பல அவர் எழுதிய கட்டுரைகளிலும் பார்க்க அவருடைய மாணவர் எழுதியவற்றிலேயே காணக்கிடைக்கின்றன. வகுப்பறையில் அவர் எல்லோருக்கும் ஏற்ற ஆசிரியர் அல்லர். வேகமாகப் பேசுவார், எழுதியதை உடனே அழிப்பார், ஆயத்தஞ் செய்த பாடத்தை விட்டு அப்போதுதான் மனத்தில் உதித்த கருத்தின் பின்னே போவார். புதிதாக வந்தோர் திகைத்து நின்றுவிடுவர். நிலைத்து நின்றவரோ, கணிதம் தம் கண்முன்னே உருவாவதைக் கண்டனர். வகுப்பு முடிந்தாலும் பாடம் முடிவதில்லை. காட்டுப்பாதைகளில் நெடுந்தூரம் நடந்தவாறே விவாதம் தொடரும். அவருடைய சிறிய மாடிக் குடியிருப்பில் அவரே செய்த புடிங்கை உண்டவாறே மேலும் தொடரும். உடை, உணவு, தோற்றம் எதனையும் பொருட்படுத்தாத அப்பெண்மணி, மாணவரின் குடும்பக் கவலைகளைத் தம் கவலையாகக் கொண்டார்.

கருத்துக்களைத் தமக்கென வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. நெதர்லாந்திலிருந்து 1924இல் வந்த வான் டெர் வேர்டன் என்னும் இளைஞர் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தபோது, அதன் மையக் கருத்தைத் தாம் முன்னரே ஒரு விரிவுரையிற் கூறியிருந்தும் அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் பெயரிலேயே வெளிவரச் செய்தார். உண்மையை அவ்விளைஞர் பின்னரே அறிந்தார். நோதரினதும் எமில் ஆர்ட்டினினதும் விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு வான் டெர் வேர்டன் 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நவீன அட்சரகணித நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. மொஸ்கோவிலிருந்து வந்த அலெக்சாந்திரோவுக்கு அவர் உரையாடலிற் சொன்ன கருத்தொன்று இடவியல் என்னும் துறையின் போக்கைத் திருப்பிவிட்டது.

கொட்டிங்கனில் அவரிடம் முதலிற் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர் கிரேட்டே ஹேர்மன் என்னும் பெண். பின்னாளில் குவாண்டம் கோட்பாட்டின் மெய்யியல் அடிப்படைகளை ஆராய்ந்த அவரும் நாஸிகளை எதிர்த்து அகதியாக நாடு நீங்கினார். உக்ரெயினிற் பிறந்து பாலஸ்தீனத்தில் வளர்ந்த லெவிட்ஸ்கி, சீனத்திலிருந்து வந்த ட்ஸென், ஜப்பானிலிருந்து வந்த ஷோடா என அவருடைய வட்டம் தேச எல்லைகளைக் கடந்திருந்தது. 1932இல் சூரிச்சில் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டில் முழுப் பேரவையின் முன் சிறப்புரை நிகழ்த்தினார். அப்பெருமை பெற்ற முதற் பெண் அவரே. அடுத்த வசந்தத்திலேயே இடைநிறுத்தக் கட்டளை வந்தது.

பழுப்புச் சட்டையும் பாடமும்

கட்டளை கிடைத்த பின் அவர் அழுது புலம்பியதாகவோ ஆத்திரப்பட்டதாகவோ எவரும் எழுதவில்லை. பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது; வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். மாணவர் அங்கு கூடினர், பாடம் தொடர்ந்தது. ஒரு மாணவர் நாஸிப் படையணியின் பழுப்புச் சட்டையோடே வந்து அமர்ந்தாராம். அம்மையார் அவரை வெளியேற்றவில்லை. அச்சட்டையைக் கண்டு அஞ்சவுமில்லை, சிரித்துக்கொண்டே பாடத்தைத் தொடர்ந்தார் என்பர்.

இதனைப் பெருந்தன்மை என்பதா, உலகமறியா வெள்ளையுள்ளம் என்பதா என நாம் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் ஒருகாலங் கற்பித்துவிட்டு நாடு நீங்கிய எவருக்கும் இக்கேள்வி இலகுவானதன்று. ஏனெனில் நாம் கற்பித்தவர் எல்லோரும் நம் பக்கம் நிற்பதில்லை. நோதரிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற வேர்னர் வேபர் என்பவர் அதே ஆண்டில், யூதப் பேராசிரியர் லண்டாவின் வகுப்பைப் புறக்கணிக்கும் கிளர்ச்சிக்குத் துணைபோனார். ஆசிரியரின் அன்பு மாணவரின் மனச்சாட்சிக்குப் பிணையாகாது என்பதற்கு இது கசப்பான சான்று. அம்மையார் அதனை அறியாதவர் அல்லர். அறிந்தும், கற்க வந்தவருக்குக் கற்பிப்பதே தம் கடமை என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

அவரைத் தக்கவைக்க முயன்றோரும் இருந்தனர். ஹெல்முட் ஹஸே என்னும் கணித அறிஞர் பல நாட்டு வல்லுநரிடமிருந்து 14 சான்றுரைகளைத் திரட்டி அமைச்சுக்கு அனுப்பினார். ஹேர்மன் வைலும் வாதாடினார். தம்மிலும் மிக்கவராகிய ஒருவர் பதவியின்றி இருக்கத் தாம் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தமைக்கு வெட்கமுற்றதாகப் பின்னாளில் வைல் ஒப்புக்கொண்டார். அந்தக் கொந்தளிப்பின் நடுவே அம்மையாரின் துணிவும் அமைதியுமே தமக்கு ஆறுதலாக இருந்தன என்பதும் அவருடைய நினைவு. சான்றுரைகள் பயன்தரவில்லை. அவ்வாண்டின் இலையுதிர் காலத்துக்குள் அம்மையாரின் கற்பிக்கும் உரிமை முற்றாக நீக்கப்பட்டது.

பிறின் மோர்: ஒன்றரை ஆண்டு

மொஸ்கோவில் இடந்தேட அலெக்சாந்திரோவ் முயன்றார். ஒக்ஸ்போர்டில் சமர்வில் கல்லூரியும் எண்ணத்தில் இருந்தது. இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிறின் மோர் என்னும் பெண்கள் கல்லூரி அழைத்தது. இடம்பெயர்ந்த ஜேர்மன் அறிஞர்க்கு உதவுவதற்கென அமைந்த அவசரக் குழுவும் றொக்பெல்லர் மன்றமும் பணம் வழங்கின. அதுவும் தற்காலிக உதவியே. புதுப்பிக்கப்படுமா என்னும் கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டேயிருந்தது. 1933இன் இறுதியில் அவர் அங்கு போய்ச் சேர்ந்தார்.

வாழ்வில் முதன்முறையாக அவருக்கு முறையான சம்பளம் கிடைத்தது இந்த அந்நிய மண்ணிலேதான். கணிதத் துறைத் தலைவி அன்னா பெல் வீலர் தாமும் கொட்டிங்கனிற் கற்றவராதலால் புதிய நாட்டின் பழக்கவழக்கங்களை அறிந்துகொள்ளத் துணைநின்றார். இங்கு கிடைத்த மாணவியர் சிலரே. உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர் பலர் சூழ இருந்தவருக்கு இது சிறிய வகுப்பு. ஆயினும் அவர் தம் முறையை மாற்றவில்லை, ஆர்வத்தையும் குறைக்கவில்லை. வான் டெர் வேர்டனின் நூலை ஜேர்மன் மொழியிலேயே படிக்க வைத்தார். ஆங்கிலத்திற் பேசிக்கொண்டே போவார். கருத்து முந்தி மொழி பிந்தும்போது தாய்மொழிக்குத் தாவிவிடுவார். சனிக்கிழமை நடைகள் இங்கும் தொடங்கின. பேச்சின் வேகத்தில் வீதியில் வரும் வாகனங்களை அவர் கவனிப்பதில்லை. மாணவியரே அவரைக் காத்து அழைத்துச் செல்வர். றூத் ஸ்ரோபர் என்னும் மாணவி அவர் வழிகாட்டலில் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கினார். வியன்னாவிற் கற்ற இளம் கணித அறிஞர் ஒல்கா டவுஸ்கியும் வந்து சேர்ந்தார்.

1934 முதல் வாரந்தோறும் பிறின்ஸ்ரன் உயர்கல்வி நிறுவகத்துக்குச் சென்று விரிவுரை நிகழ்த்தினார். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகம் அக்காலத்திற் பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை. இளமாணி வகுப்புகளில் 1969 வரை அந்நிலை நீடித்தது. பழைய கதவு இங்கும் மூடியே இருந்ததை அவர் உணர்ந்திருந்தார்.

1934 கோடையில் ஒருமுறை ஜேர்மனிக்குச் சென்று எஞ்சிய தளபாடங்களை அனுப்பிவைத்தார். தம்பி பிரிட்ஸிடமும் விடைபெற்றார். அவரும் பதவியிழந்து, சோவியத் நாட்டின் ரொம்ஸ்க் நகரிற் பேராசிரியராகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். புகலிடம் என நம்பிய அந்நாடு 1937இல் அவரைக் கைதுசெய்தது. 1941 செப்டெம்பரிற் சுட்டுக் கொன்றது. அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது 1988இலேதான். ஒரே வீட்டிற் பிறந்த இருவர் ஒரே கொடுமைக்குத் தப்பி இரு திசைகளிற் சென்றனர். புகலிடம் யாவும் ஒன்றல்ல என்பதை அகதிகள் நன்கறிவர்.

1935 ஏப்ரல் 10ஆம் திகதி நோதர் அம்மையாருக்கு வைத்தியசாலையில் கட்டியொன்றை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. நோயைப் பற்றி மிகச் சிலருக்கே சொல்லியிருந்தார். தேறிவருவதாகத் தோன்றிய வேளையில் நிலைமை திடீரென மோசமடைந்து, ஏப்ரல் 14ஆம் திகதி தமது ஐம்பத்து மூன்றாவது வயதிற் காலமானார். பிறின் மோர் கல்லூரி நூலகத்தை அடுத்த தூண்வரிசை நடைபாதையின் கீழ் அவருடைய அஸ்தி அடக்கஞ் செய்யப்பட்டது.

மறைந்த பின்

சில நாட்களின் பின் ஹேர்மன் வைல் அக்கல்லூரியில் நினைவுரை ஆற்றினார். ஐன்ஸ்ரைன் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதி அவருடைய பெருமையை உலகறியச் செய்தார். வான் டெர் வேர்டன் நாஸி ஜேர்மனியிலேயே இருந்துகொண்டு, ஒரு யூதப் பெண்ணைப் போற்றும் இரங்கற் கட்டுரையை அங்கேயே அச்சேற்றினார். றூத் ஸ்ரோபர் அதே ஆண்டில் தமது பட்டத்தை நிறைவுசெய்தார். பிறின்ஸ்ரனில் அம்மையாரின் விரிவுரைகளைக் கேட்ட நேதன் ஜேக்கப்சன் அவருடைய வகுப்புகளைப் பிறின் மோரில் ஓராண்டு ஏற்று நடத்தினார். நெடுங்காலத்தின் பின், 1983இல், அவருடைய கட்டுரைகள் யாவற்றையும் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. இன்று எர்லாங்கனில் அவர் பெயரால் ஒரு பாடசாலை உண்டு. இளம் ஆய்வாளர்க்கு ஜேர்மன் நாடு வழங்கும் ஆய்வு உதவித் திட்டமொன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

இக்கௌரவங்கள் அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு நாளும் அவருக்குப் பயன்படவில்லை. அநீதியைக் காலங் கடந்து வரும் கௌரவம் துடைத்துவிடும் என்று சொல்வது உண்மைக்கு மாறானது. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அவரைப் பட்டியலிட்டு நீக்கிய அரசு பன்னிரண்டு ஆண்டுகளில் அழிந்தது. மாடிக் குடியிருப்பிலும் காட்டுப்பாதையிலும் அவர் கற்பித்தவை மாணவரிடமிருந்து மாணவருக்காய் இன்றும் கற்பிக்கப்பட்டு வருகின்றன. ஊரிற் பேராசிரியராகவும் ஆசிரியராகவும் இருந்து, இங்கே வேறு தொழில் பார்த்து வாழும் நம்மவர் பலர். அவர்களிடம் படிக்கக் கூடிய பிள்ளை ஒன்று அடுத்த வீட்டில் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்க எந்த அமைச்சின் நியமனக் கடிதமும் தேவையில்லை.